பென் டிரைவிலிருந்து பூட்: பயாஸில் எதைத் தொடுவது, எதை விட்டுவிடுவது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வரும் போன்களின் ரகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் பிரிண்டர் மக்கர் செய்கிறது, வைஃபை விட்டு விட்டு வருகிறது என்பார்கள். இப்போது, "லினக்ஸ் போடலாம்னு பென் டிரைவ் ரெடி பண்ணிட்டேன், லேப்டாப் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. பயாஸ்ல என்ன மாத்தணும்?" என்கிறார்கள்.

பவரை அழுத்தியதும் முதலில் ஓடி, மெஷினை எழுப்பி, விண்டோஸையோ லினக்ஸையோ கிளப்பிவிடும் நிரல்தான் பயாஸ்; அப்படிக் கிளப்புவதுதான் பூட். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் இந்த வகை நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பொதுப்பெயர். நான் சொல்லும் முதல் பதில் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அநேகமாக எதையும் மாற்ற வேண்டாம்.

கேட்பவர்களில் பலர் அதற்குள் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, டிஜிட்டல் கையொப்பம் உள்ளதை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட் வசதியை அணைத்திருப்பார்கள், பழைய பயாஸ் முறையான லெகசி மோடுக்குப் போயிருப்பார்கள், பூட் வரிசையைத் தலைகீழாக்கியிருப்பார்கள். பென் டிரைவும் வந்திருக்காது, அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த விண்டோஸும் நின்றிருக்கும். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியதால் எது கெடுத்தது என்றும் தெரியாது. பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த அறிவுரை இன்றைக்கும் வரிக்கு வரி சுற்றிக்கொண்டிருப்பதுதான் இதற்குக் காரணம்.

கணினி கிளம்பும்போது எட்டிப் பார்க்கக்கூடிய திரைகள் இரண்டு. ஒன்று செட்டப். நேரம், பூட் வரிசை, பாஸ்வேர்டு போன்ற நிரந்தர அமைப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும். இன்னொன்று பூட் மெனு. "இந்த ஒரு தடவை மட்டும் எதிலிருந்து கிளம்பட்டும்?" என்று கேட்கும் சின்னப் பட்டியல் அது. அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் இந்த முறை அதிலிருந்து கிளம்பும், அடுத்த முறை பழையபடி உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து கிளம்பும். எதுவும் மாறாது, எதையும் சேமிக்க வேண்டியதில்லை. ஒரு சிஸ்டத்தை நிறுவுவதற்கோ, டேட்டாவைக் காப்பாற்றுவதற்கோ, மெமரியைச் சோதிப்பதற்கோ இதுவே போதும். ஆனால் முக்கால்வாசி வழிகாட்டிகள் நேராகச் செட்டப்புக்குள் இழுத்துப் போய் வரிசையை மாற்றச் சொல்கின்றன. வரிசையை மாற்றி வைத்தால், என்றைக்கோ மறந்து செருகிவைத்த பென் டிரைவிலிருந்து மெஷின் கிளம்பப் பார்க்கும். அந்த வம்பு தேவையில்லை.

எந்தக் கீ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூட் மெனுவுக்கு டெல்லில் எஃப்12, லெனோவோவின் திங்க்பேடிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், தனியாக வாங்கிய ஆசுஸ் மதர்போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ மதர்போர்டில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் அந்த மெனு பல மாடல்களில் செட்டப்புக்குள் அணைத்து வைக்கப்பட்டே வரும்; எஃப்2 அழுத்தி உள்ளே போய் முதலில் அதை இயக்க வேண்டும். லெனோவோவின் ஐடியாபேட் சிலவற்றில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு குட்டி ஓட்டைக்குள், இதற்கென்றே நோவோ என்ற பொத்தான் ஒளிந்திருக்கும். சர்ஃபேஸில் வால்யூமைக் குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்த வேண்டும்.

கீ சரியாக இருந்தும் மெனு வரவில்லை என்றால், இரண்டு காரணங்களைப் பார்ப்பேன். முதலாவது, விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷினில் கர்னலின், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியின், நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணைகிறது. அடுத்த முறை அதை அப்படியே எடுத்துக்கொண்டு எழுகிறது. ரீஸ்டார்ட்தான் உண்மையில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். இரண்டாவது, ஃபர்ம்வேரிலேயே ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று இருக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க, யூஎஸ்பி கீபோர்டைக்கூட எழுப்பாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் எஃப்12-ஐ எத்தனை தட்டு தட்டினாலும் கேட்க அங்கே ஆள் இல்லை.

இந்த இரண்டையும் சுற்றிப்போக ஒரு வழி உண்டு. விண்டோஸ் இயங்கும்போதே ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் போனால் செருகியிருக்கும் பென் டிரைவின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் நேராக அதிலிருந்து கிளம்பும். செட்டப்புக்கே போக வேண்டுமென்றால் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. ஓடி ஓடி கீயைத் தட்டும் அவசரம் எதுவும் கிடையாது. பூட் மெனு, செட்டப் பற்றி எழுதுபவர்கள் இதைக் கடைசி வரியில் போடுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, மெனு வந்துவிட்டது, பட்டியலில் பென் டிரைவ் மட்டும் இல்லை. இங்கே குற்றவாளி பெரும்பாலும் பயாஸ் அல்ல, பென் டிரைவ். அது ஏன் என்று புரிய, மெஷின் எதைத் தேடுகிறது என்று தெரிய வேண்டும்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் ஒரு ராம் சிப்பில் அல்ல, மாற்ற முடியாத ரோம் சிப்பில் இருந்தது. அது செய்த வேலை மிகச் சின்னது. ஃப்ளாப்பியின் முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டை, மெமரிக்குள் இழுத்துப் போடும், கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் வந்த பிறகு, அந்தச் செக்டரின் கடைசி இரண்டு பைட்டில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வந்தது. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்ற விசாரணையே கிடையாது. ஃப்ளாப்பியைத்தான் முதலில் பார்க்கும். வெளியிலிருந்து வருவதற்கே முதல் மரியாதை! பிரெய்ன் என்ற வைரஸ் 1986-இல் பரவியது இந்த ஓட்டை வழியாகத்தான். ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் உட்கார்ந்துகொண்டு மெஷினிலிருந்து மெஷினுக்குத் தாவியது. வரிசையை மாற்றி ஹார்ட் டிஸ்க்கை முன்னால் வைக்கும் வசதி வந்தபோது பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. மாற்றிய அமைப்புகள் நினைவிலிருக்க 1984-இல் வந்த ஐபிஎம் ஏடியிலேயே பேட்டரியில் ஓடும் சின்ன சீமாஸ் மெமரி வந்திருந்தது. இன்றைக்கும் மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருப்பது அதன் மிச்சம். சிடியிலிருந்து பூட் செய்ய ஒரு பொது முறை 1995-இல்தான் வந்தது.

பழைய பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் இதை அடியோடு மாற்றியது. இன்டெல் 1990-களின் இறுதியில் இடேனியம் சர்வர்களுக்காகத் தொடங்கிய வேலை அது. 2005-இல் பல கம்பெனிகள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போனது. இதற்கு முதல் செக்டர் முக்கியமில்லை. இதற்கு ஃபேட் வகைப் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும், ஃபோல்டர் தெரியும், ஃபைல் தெரியும். பென் டிரைவைக் கண்டால், அதில் 'ஈஎஃப்ஐ' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்', அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில் ஈஎஃப்ஐ ஃபைல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதை ஓட்டும். இல்லையென்றால் அந்தப் பென் டிரைவைப் பட்டியலிலிருந்தே சில மெஷின்கள் விட்டுவிடும், சில மெஷின்கள் பெயரைக் காட்டிவிட்டு, தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையோடு திரும்பி வரும்.

ஆகவே செட்டப்பைத் திறப்பதற்கு முன், பென் டிரைவை வேறு ஒரு கணினியில் செருகி அந்த ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும் டிஸ்க் முழுவதையும் ஒன்றாக அடக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே ஒரு ஃபைலாக பென் டிரைவில் காப்பி செய்துவைத்துவிட்டு, "பூட் ஆகலை" என்று சொல்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். ஐஎஸ்ஓவை அப்படியே கிளப்பும் வென்டாய் என்ற கருவியைப் போட்ட பென் டிரைவில் அது சரி, சாதாரணப் பென் டிரைவில் அது வெறும் காப்பி. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால்தான் எழுத வேண்டும். லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் டவுன்லோடு முழுதாக வந்திருக்கிறதா என்று செக்சம்மையும், அதாவது ஃபைலோடு தரப்படும் சரிபார்ப்பு எண்ணையும், பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பென் டிரைவை ஃபார்மேட் செய்யும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் பெரிய இன்ஸ்டால் ஃபைல் பல நேரம் அதைத் தாண்டிவிடுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் ஃபைல் இடம் பிடிக்கும், ஆனால் பல ஃபர்ம்வேருக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதைச் சமாளிக்க, பென் டிரைவின் கடைசியில் குட்டியாக ஒரு ஃபேட் பார்ட்டிஷன் வைத்து, அதிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் டிரைவரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. முன்பு அந்தத் துண்டுக்குக் கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த ரூஃபஸில் அதற்கும் கையொப்பம் வந்துவிட்டது. ஆனால் பழைய அறிவுரை மட்டும் இன்னும் போகவில்லை.

இன்னொன்று. லெகசி வசதியும் இயங்கும் மெஷினில் ஒரே பென் டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும், மற்றொன்றின் முன்னால் இருக்காது. கண் போன போக்கில் இரண்டாவதைத் தொட்டால், இன்ஸ்டாலர், டிஸ்க்கின் முதல் செக்டரை நம்பும் பழைய எம்பிஆர் முறையில் கிளம்பும். ஏற்கெனவே யூஇஎஃப்ஐயில் இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் லெகசியில் ஒரு லினக்ஸ் உட்கார்ந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் செட்டப்பில் மோடை மாற்ற வேண்டிவரும். "இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, நிறுவ முடியாது" என்று விண்டோஸ் இன்ஸ்டாலர் முறைப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தின் மறுபக்கம்.

லெகசி பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 2012-க்கு முந்தைய மெஷின் என்றால் தேவைப்படலாம். அதற்குப் பிறகு வந்ததில் தொட வேண்டாம். மிகப் புதியவற்றில் தொடவும் முடியாது; இன்டெல் 2017-இலேயே அந்த ஒத்திசைவு வசதியை 2020-க்குள் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது.

செக்யூர் பூட்டுக்கு வருவோம். இதைத்தான் எல்லோரும் முதலில் அணைக்கிறார்கள், இதைத்தான் கடைசியாகத் தொட வேண்டும் என்பது என் கட்சி.

பிரெய்ன் வைரஸ் காலத்து ஓட்டைக்குத் தாமதமாக வந்த பதில் அது. ஃபர்ம்வேருக்குள் சில சாவிகள் இருக்கும். பூட் ஃபைலில் அந்தச் சாவிகளோடு பொருந்தும் கையொப்பம் இருந்தால்தான் ஓட்டும், இல்லையென்றால் மறுத்துவிடும். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு இது புதிய மெஷின்களில் நுழைந்தபோது, லினக்ஸுக்கு இனி இடமில்லை என்று பலர் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது: சாதாரண பிசிக்களில் எல்லாம் பதிந்து வருவது மைக்ரோசாஃப்டின் சாவிகள்தான். ஒரு போட்டியாளர் பூட்டின் சாவியை வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் உவப்பாக இல்லை. ஆனால் நடைமுறையில் ஒரு வழி பிறந்தது. ஷிம் என்ற சின்ன நிரலை எழுதி, அதற்கு மட்டும் மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்கி, அதற்குப் பின்னால் வரும் கிரப் (லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரல்), கர்னல் எல்லாவற்றையும் அந்தந்த லினக்ஸின் சொந்தச் சாவியால் சரிபார்க்கிறார்கள். உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் பல ஆண்டுகளாக இப்படித்தான் கிளம்புகின்றன. டெபியன் 2019-இல் பத்தாம் பதிப்பிலிருந்து சேர்ந்துகொண்டது. இவற்றில் ஒன்றைப் போடுவதற்கு செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்பவர் சொல்வதை நம்பாதீர்கள். ஆர்ச் மாதிரி ஐஎஸ்ஓவில் கையொப்பம் இல்லாதவற்றுக்கு மட்டும் அணைக்க வேண்டும்.

பின்னே உபுண்டு ஏன் சில மெஷினில் மறுக்கப்படுகிறது? நான் பார்த்தவரை மூன்று இடங்களில் இடிக்கும். சில புதிய வணிக ரக லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்டின் சொந்த விண்டோஸ் சாவி மட்டும் இயங்கும். பிறருக்குக் கையொப்பமிடும் மூன்றாம் தரப்புச் சாவி அணைந்திருக்கும். செட்டப்பில் செக்யூரிட்டி பகுதியில் 'அலோ மைக்ரோசாஃப்ட் தேர்டு பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் இயக்கினால் போதும், செக்யூர் பூட் அப்படியே இருக்கட்டும். அடுத்தது, பழைய ஐஎஸ்ஓ. 2020-இல் கிரப்பில் பூட்ஹோல் என்ற ஓட்டை அம்பலமான பிறகு, ஓட்டை உள்ள பதிப்புகளை ஒதுக்கிவைக்கும் பட்டியல்கள் நீண்டுகொண்டே போகின்றன. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று அப்படி ஒரு தடையைப் போட்டதில், இரண்டு சிஸ்டமும் வைத்திருந்த பலரின் லினக்ஸ் ஒரே இரவில் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நின்றுவிட்டது. டிராயரில் கிடக்கும் பழைய பென் டிரைவ் இதே செய்தியைக் காட்டினால் அமைப்பை மாற்ற வேண்டாம், புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதுங்கள். மூன்றாவது, சான்றிதழ் மாற்றம். 2011-இல் உருவான மூன்றாம் தரப்புச் சான்றிதழின் ஆயுள் 2026 ஜூன் வரைதான். அதன் இடத்தில் 2023-இல் உருவானது வருகிறது. தேதி முடிந்ததும் பழைய கையொப்பங்களை ஃபர்ம்வேர் பொதுவாக நிராகரிப்பதில்லை. ஆனால் புதிய சாவியால் மட்டும் கையொப்பமிட்ட ஒன்றை, அந்தச் சாவியே இல்லாத பழைய மெஷின் ஏற்காது. ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் இது.

வென்டாய் பயன்படுத்தினால் முதல் தடவை ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். பலர் அதைப் பிழை என்று நினைத்து மெஷினை அணைத்துவிடுகிறார்கள். அது பிழையல்ல, 'என்ரோல் கீ' என்பதற்குள் போய்ப் பதிந்துவிட்டு ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

சில லேப்டாப்புகளில் செக்யூர் பூட் வரி சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் கிடக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் அது உயிர் பெறும். வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள் அல்லது காகிதத்தில் எழுதி வையுங்கள். இன்றைய பல லேப்டாப்புகளில் அதை மறந்தால், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்ற பழைய வித்தை பலிக்காது. பாஸ்வேர்டு வேறு சிப்பில், மின்சாரம் இல்லாமலும் இருக்கும்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். "நான் அதெல்லாம் போடலையே" என்பார்கள். விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. டிபிஎம் என்ற சிப், மெஷின் கிளம்பும் விதத்தை அளந்து வைத்திருக்கும். அது மாறாதவரை டிஸ்க்கின் சாவியைத் தானே கொடுக்கும். செக்யூர் பூட்டை அணைத்தால் அளவு மாறும். அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அது பெரும்பாலும் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் கதை கந்தல். செட்டப்பில் எதைத் தொடுவதானாலும் முதலில் விண்டோஸுக்குள் இருக்கும்போதே அந்தச் சாவியை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் செட்டப்பைத் திறக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியும் அரைகுறைதான். அமைப்பை மாற்றிவிட்டீர்கள், சாவியும் இல்லை என்றால் பதற வேண்டாம். மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்தால் பெரும்பாலும் கேட்காமல் திறந்துவிடும்.

இதனால்தான் செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சிக்கிக்கொண்டால் 'லோட் டிஃபால்ட்ஸ்' அழுத்து என்பார்கள். அது நீங்கள் மாற்றியதை மட்டும் திருப்பாது, எல்லாவற்றையும் திருப்பும். குறிப்பாக ஸ்டோரேஜ் மோடு, அதாவது டிஸ்க்கோடு மெஷின் பேசும் முறை. இன்டெல்லின் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி முறையில் இருந்த டிஸ்க் ஏஹெச்சிஐக்கு மாறினாலோ, அங்கிருந்து இங்கே மாறினாலோ, விண்டோஸ் 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரையில் விழும். லினக்ஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்போது இந்த மோடை மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கலாம். அப்போதும் விண்டோஸை முதலில் சேஃப் மோடில் கிளம்பும்படி அமைத்துவிட்டு, மோடை மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் நுழைந்து வெளியே வந்தால் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

மேக்கில் கதை வேறு. டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள இன்டெல் மேக்குகளில் வெளி மீடியாவிலிருந்து பூட் செய்வது பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தடுக்கப்பட்டிருக்கும். ரெக்கவரியில் நுழைந்து 'ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூடிலிட்டி'யில் அனுமதித்தால்தான், ஆப்ஷன் கீயைப் பிடித்து வரும் பட்டியலில் இருக்கும் பென் டிரைவ் உண்மையில் கிளம்பும். ஆப்பிள் சிலிக்கானில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்தப் பட்டியல் வரும்.

நிறுவி முடித்த பிறகு பூட் வரிசையை யார் மாற்றுவது? நீங்கள் அல்ல, சிஸ்டமே மாற்றும். யூஇஎஃப்ஐயில் ஒவ்வொரு சிஸ்டமும் தன் பெயரில் ஒரு பதிவை ஃபர்ம்வேரின் மெமரியில் எழுதிவிட்டு, தன்னை முதலிடத்தில் வைத்துக்கொள்ளும். 'உபுண்டு' என்று ஒரு வரி மேலே வந்திருந்தால் வேலை முடிந்தது. சில மெஷின்கள் பிடிவாதமாக விண்டோஸ் பதிவையே திரும்ப மேலே தூக்கிவைக்கும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் செட்டப்புக்குள் போய் வரிசையை மாற்றுவது நியாயம்.

கடைசியாக, நிறுவல் முடிந்ததும் இதையும் பார்த்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து உங்களால் இவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடிகிறதென்றால், லேப்டாப்பைக் கையில் எடுக்கும் எவராலும் முடியும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில் நுழைந்து, பூட்டப்படாத டிஸ்க்கின் ஃபைல்களை விண்டோஸ் பாஸ்வேர்டே இல்லாமல் படித்துவிடலாம். செக்யூர் பூட் இதைத் தடுக்காது, ஏனென்றால் அந்த லைவ் லினக்ஸுக்கும் கையொப்பம் இருக்கிறது. வெளியே எடுத்துப் போகும் மெஷின் என்றால் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிட்டு, செட்டப்புக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். லினக்ஸ் நிறுவும்போது அந்த என்கிரிப்ஷன் கட்டம் பெரும்பாலும் டிக் செய்யப்படாமலே வரும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு, அங்கேயே டிக் செய்துவிடுங்கள்.